அரைக் கட்டம் நகர்ந்த தோப்பு

உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள எங்கள் தோப்பில் பதினொரு நல்ல தென்னைகளை வெட்ட வைத்தவள் நான். ரம்பத்தைத் தொடவில்லை. பீளமேட்டு விடுதி அறையில் உட்கார்ந்து ஒரு படத்தைத் திருத்தினேன், அவ்வளவுதான்.

நான் இலக்கியம் படிக்கிறேன். என் அறைத்தோழி பயிர்நோய் ஆராய்ச்சி மாணவி. எங்கள் பக்கம் வேர்வாடல் நோய் பரவியபோது, என் அப்பாவிடம் கேட்டு எங்கள் தோப்பைத் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள். டிரோன் பறக்கவிட்டு மேலிருந்து படம் எடுத்தாள். மரம் மரமாக ஓலை கிள்ளிச் சோதித்தாள். பதினொரு மரங்களில் நோய் இருந்தது. வெளியே எதுவும் தெரியாத நிலை. அவற்றை உடனே வெட்டி வேரோடு எடுத்துவிட்டால் மற்றவை பிழைக்கலாம் என்றாள்.

வரைபட மென்பொருளில் அந்தப் படத்தை ஏற்றி, மேலே கட்டக்கோடுகளும் எண்களும் போட்டு, எந்த வரிசையில் எத்தனையாவது மரம் என்ற பட்டியலோடு அப்பாவுக்கு அனுப்ப வேண்டும். அந்த வாரம் தோழிக்குச் சத்தியமங்கலத்தில் நிச்சயதார்த்தம். மிச்ச வேலையை என்னிடம் விட்டுப் போனாள்.

படத்தைத் திறந்தேன். கோடுகள் எல்லாம் மரங்களின் குருத்தைப் பிளந்துகொண்டு ஓடின. ஒரு கட்டத்துக்குள் ஒரு மரம் நிற்பதற்குப் பதிலாக, நான்கு மரங்களின் கால்வாசிகள் கிடந்தன. அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அந்த சாஃப்ட்வேர் அப்படித்தான் அம்மணி. நம்பர மரத்து நடு உச்சில வெக்கும், கோடும் அது மேலயே போகும். உட்ரு.”

“பாக்கவே நல்லால்ல.”

“ஒரு எழுத்துப் பிழைக்கே சோறு எறங்காத ஆளு நீ. மரத்து மேல கோடு போனா எப்படித் தாங்குவ?”

தாங்கவில்லை. கோடுகளை மேற்புறமும் இடப்புறமுமாக அரைக் கட்டம் நகர்த்தினேன். ஒவ்வொரு மரமும் தன் கட்டத்தின் நடுவில் வந்து நின்றது. மதியம் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கோட்டோடு எண்ணும் நகர்ந்ததைக் கவனித்தேன். அதனால் என்ன ஆகிவிடும் என்று யோசிக்கவில்லை.

அந்த மென்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணும். தோழியின் பட்டியலும் அப்படியே. பழைய படத்தில் பூஜ்யம் முதல் மரத்தின் தலைமேல் இருந்தது. அதுதான் அந்த மரத்தின் எண் என்று யாருக்கும் விளங்கியிருக்கும். என் படத்தில் பூஜ்யம் வரப்பின் மேல் போய் விழுந்தது. வரப்பில் மரம் கிடையாது. எங்கள் ஊரில் தேங்காய் எண்ணுகிறவர்கள் ஒன்று என்று தொடங்குவதில்லை; லாபம், இரண்டு, மூன்று என்றே போவார்கள். அப்பாவும் வரப்பிலிருந்து இறங்கி, முதல் மரத்தைத் தொட்டு லாபம் என்று தொடங்கினார். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணிக்கையை அவர் அறிந்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு வரிசையும் ஒரு மரமும் முன்னதாகவே நின்றுவிட்டார்.

வெட்டிய அன்று நான் ஊரில்தான் இருந்தேன். முன்னறையில் படித்துக்கொண்டிருந்த என்னிடம் அப்பா தாளோடு வந்தார்.

“ஏனம்மணி, அந்த மேக்கால மரம் கொலை கொலையாக் காய்ச்சுக் கெடக்குது. அதையுமா சாய்க்கோணும்?”

நான் தாளைப் பார்த்தேன். எழுந்து போய் மரத்தைப் பார்க்கவில்லை.

“படம் சரியாத்தானுங்கப்பா இருக்குது.”

அவர் தாளை மடித்துக்கொண்டு தோப்புக்குத் திரும்பிப் போனார்.

மறுநாள் அடிக்கட்டைகளைத் தோண்டியபோது மரம் வெட்டுகிறவர் அப்பாவைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, நோவு புடிச்ச மரம்னா வேரு அழுகியிருக்கோணுமுங்க. இது தேரு வடமாட்டக் கெட்டியா இருக்குது. பதினொண்ணும் இப்படித்தானுங்க. நல்ல மரத்தையா சாச்சுப்போட்டோம்?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். தாளை வாங்கிக்கொண்டு வரப்புக்குப் போனேன். முதல் மரத்தை வாய்க்குள் பூஜ்யம் என்று சொல்லி நடந்தேன். பட்டியலின் முதல் எண்ணுக்கு வந்தபோது என் முன்னால் ஒரு மரம் நின்றது. அதற்கு இடப்பக்கம், ஒரு வரிசை தள்ளி, புதிதாகத் தோண்டிய குழி. அடுத்த எண்ணிலும் அப்படியே. மூன்றாவதற்கு நான் போகவில்லை.

காரணத்தைச் சொன்னேன். பாதியிலேயே அப்பா கையை உயர்த்தினார்.

“போச்சாது, உடு கண்ணு.”

என்னைத் திட்டியிருக்கலாம். நோயுள்ள பதினொன்றையும் வெட்டுவதென்று முடிவாயிற்று. மரம் வெட்டுகிறவருக்கு வேறு தோப்புகளிலும் இதே வேலை. மூன்று வாரம் கழித்துத்தான் வர முடிந்தது. அதற்குள் தோழி திரும்பி வந்து மீண்டும் ஓலை கிள்ளினாள். முடிவுகளை என் மேசையில் வைத்துவிட்டு, துணி மடிப்பவள் போல வெகுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

புதிய படத்தையும் நான்தான் போட்டேன். மரங்கள் கட்டங்களின் நடுவிலேயே நின்றன. எண்களைக் கோட்டிலிருந்து எடுத்து ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எழுதினேன், ஒன்றிலிருந்து. நோயுள்ள கட்டங்களுக்குச் சிவப்பு. பதினொன்றோடு அது நிற்கவில்லை. இந்த முறை ஒரு பிழையும் இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன்.

ஊருக்குக் கொண்டுபோய் நீட்டியபோது அப்பா வாங்கவில்லை.

“இதுல மிச்சம் எதெதுன்னு மட்டும் வந்து காட்டு அம்மணி.”

தோப்புக்குள் அவருக்கு முன்னால் நடந்து, சிவப்பில்லாத மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். பின்னால் அவர் லாபம் என்று எண்ணத் தொடங்கினார். அதிக நேரம் ஆகவில்லை.