ரொட்டியில் மணல்

இன்று காலை நீள ரொட்டியைக் கடித்ததும் என் பல் தானாக மணலைத் தேடியது. பிரெஞ்சுக்காரர்கள் போன புதிதில், பஞ்சாலைச் சங்கு ஊதியதும் அம்மா வேலை முடிந்து வெளியே வரும்போது நான் ஆலை வாசலில் நிற்பேன். சூடு ஆறாத ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு நேராகக் கடற்கரைக்குத்தான் போவோம், அங்கே ஈர மணலில் காலைப் புதைத்து அவள் உட்கார, தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்குகளைக் காற்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோகும்.

"வூட்டுக்குப் போலாம்மா, சோறு ஆக்கணுமே."

"அடுப்பு எங்க ஓடப் போவுது? உக்காரு."

ரொட்டியில் மணல் ஏறி நறநறக்கும். துப்பப் போனால், "கொஞ்சம் மண்ணு தின்னா ஒண்ணும் ஆவாது" என்பாள்.

அந்த மணலைக் கடல் தின்றுவிட்டது. இப்போது கரை முழுக்கக் கருங்கல். மீதி ரொட்டியோடு அங்கே போய், கல்மேல் உட்கார்ந்து மெதுவாக மென்றேன்.

ரொட்டி சுத்தமாக இருந்தது.