கையில் கொடுத்துப் பார்க்காத பேட்

விளையாட்டுச் சாமான் கடை நடத்துகிறவளுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது இன்னும் கைகூடவில்லை. கோவில்பட்டியில் எங்கள் கடை. வீட்டுக்காரர் பள்ளிக்கூட ஆர்டர்களுக்காக வெளியே அலைவார், கல்லாவில் நான். கல்லூரியில் டேபிள் டென்னிஸ் ஆடியவள் என்பதால் அந்த பேட் விற்கும்போது மட்டும் கூடுதலாக ரத்தம் கொதிக்கும். நீங்கள் வாத்தியாராக இருக்கலாம், டெய்லராக இருக்கலாம். யோசனை கேட்டுவிட்டு அதற்கு நேர்மாறாகச் செய்கிறவர்களிடம் நீங்களும் மாட்டியிருப்பீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் கொட்டுகிறேன்.

தரையில் தட்டிப் பார்த்தவர்

எங்கள் ஊர் ஹாக்கி ஊர். எந்த மட்டையைக் கொடுத்தாலும் ஒரு கண்ணை மூடி நெளிசல் பார்ப்பார்கள், தரையில் தட்டிச் சத்தம் கேட்பார்கள், கையில் தூக்கி எடை பார்ப்பார்கள். ஹாக்கி மட்டைக்கு அது சரி. ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் டேபிள் டென்னிஸ் பேட்டையும் அப்படியே தரையில் தட்டினார். ஓரத்து ரப்பர் பிய்ந்து வந்தது. எனக்குப் பகீரென்றது.

அவரோடு மாரிச்செல்வி என்ற பெண் வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு, எட்டயபுரம் பக்கத்துக் கிராமம். சாமான் பையைத் தூக்கத்தான் அவளைக் கூட்டிவந்திருந்தார். அந்தப் பள்ளியில் நன்றாக ஆடுகிறவளே அவள்தான் என்று அவரே சொன்னார். குச்சி மாதிரி மணிக்கட்டு. வளர்கிற பிள்ளைக்கு லேசான பேட் வேண்டும், ரப்பரில் பிடிப்பு வேண்டும், ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் ரொம்பத் தடிப்பாக இருக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் இருப்பதிலேயே கனமானதாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இதைத் தூக்கி ஆடினால் ஒரு மாதத்தில் கை வலி வரும் என்றேன். பிய்ந்த பேட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "யம்மா, இது பொம்மை கணக்கா இருக்கு. வெயிட்டு இருந்தாத்தான பந்து போவும்?"

ஒட்டித்தரச் சொன்னவர்

இவர் படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர். மகனுக்கு பேட் வேண்டும் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, பிடி எப்படி இருக்க வேண்டும், எந்த ரப்பர் பழகுவதற்கு நல்லது, எத்தனை நாள் உழைக்கும் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். சோற்றை மூடி வைத்துவிட்டு எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு, யோசித்து வருவதாகச் சொல்லிப் போனார். அடுத்த வாரம் வந்தார், கூரியர் பெட்டியோடு. கட்டை தனி, ரப்பர் தனி, எல்லாம் போனில் வாங்கியது. எனக்கு வந்த கோபத்தில் பல்லைக் கடித்தேன். அவருக்கு அது சிரிப்பாகத் தெரிந்திருக்கும் போல. பெட்டியை மேஜைமேல் வைத்துச் சொன்னார்: "பசை எப்படி தடவணும்னு மட்டும் நீங்க சொல்லல, அதான் உங்கள்ட்டயே கொண்டாந்துட்டேன்."

மட்டமானது வேண்டாம் என்றவர்

மாரிச்செல்வி மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் அப்பாவோடு. கரிசலில் மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறவர். மானம் பார்த்த பூமி, அந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. குறுவட்டப் போட்டி நெருங்கியிருந்தது. ஜெயித்தால் மாவட்டம். அடுத்த வருஷம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு. மாவட்டத்துக்குப் போனால் பத்தாவதிலும் ஆடலாம், இல்லையென்றால் இந்த வருஷத்தோடு விளையாட்டு சரி என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

நடுத்தர விலையில் ஒன்றை எடுத்து வைத்தேன். அவர் கண்ணாடி அலமாரியில் மேல் தட்டைக் காட்டினார். அது பெரிய ஆட்டக்காரர்களுக்கானது, தொட்டாலே பந்து பறக்கும், பழகுகிற பிள்ளைக்குக் கட்டுப்படாது என்றேன். நான் எடுத்து வைத்ததன் விலை அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனாலும் இவளுக்கு இதுதான் நல்லது என்றும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ஒரு கடைக்காரி விலை கூடினதை வேண்டாம் என்று சொல்லி, அதற்கும் திட்டு வாங்குவதை எங்கே போய்ச் சொல்ல? மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்குமுன் திரும்பினார்: "காட்டுல கெடக்குத பயன்னு பாத்துதான் மட்டமானத எடுத்து வச்சிய தங்கச்சி? எம்புள்ளைக்கு வாங்கித்தர எனக்குத் தெரியும்."

சந்தனம் வைத்த பேட்

மாரிச்செல்வியின் அப்பா மதுரைக்குப் போய் அந்த விலை கூடின பேட்டையே வாங்கியிருக்கிறார். புதுசு எது வாங்கினாலும் குலசாமி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். மோட்டாருக்கு வைத்தார்கள், பைக்குக்கு வைத்தார்கள், பேட்டுக்கும் வைத்துவிட்டார்கள். இரண்டு பக்க ரப்பரிலும் மூன்று மூன்று பட்டை. சாமி கும்பிட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது காய்ந்து ஒட்டிக்கொண்டதும் பாத்திரம் விளக்கும் பொடி போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, மொட்டைமாடியில் வெயிலில் காயப் போட்டிருக்கிறார்கள். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரப்பர் வழவழத்து, ஓரம் சுருண்டு, அப்பளமாகியிருந்தது.

நான் கத்திவிட்டேன். அன்றைக்கே சொன்னேனே, கேட்டீர்களா என்று கத்தினேன். காசு போட்டது தான்தான் என்று அவரும் கத்தினார். கடை வாசலில் கூட்டம் கூடியது. ரப்பரை மாற்றிக் கொடு என்று அவர், மாற்றினாலும் அந்தக் கட்டை இவளுக்கு ஆகாது என்று நான். அதற்குள் மாரிச்செல்வி கல்லாவைச் சுற்றி உள்ளே வந்துவிட்டாள். அலமாரியிலிருந்து ஒவ்வொரு பேட்டாக எடுத்துப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, ஒரு பந்தைச் சுவரில் தட்டினாள். மூன்றாவது பேட்டில் பந்து அவள் சொன்னபடி கேட்டது. நாங்கள் கத்துவதை நிறுத்தினோம். அப்பாவைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை: "ரெண்டு பேரும் எங்கையில குடுத்துப் பாக்கவே இல்ல. வெளையாடப்போறது நாந்தான?"

ஜெயித்த பிறகு வந்தவர்

அவள் எடுத்தது நான் முதலில் வைத்ததுகூட இல்லை, அதைவிட விலை குறைந்தது. அப்பா அதையே வாங்கிக்கொடுத்தார். குறுவட்டத்தில் ஜெயித்தாள். இறுதி ஆட்டத்தில் எதிராளி வேகமாக அடித்துக்கொண்டே இருந்தாளாம், இவள் ஒவ்வொன்றையும் மேஜைக்குள்ளேயே திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாளாம். மாவட்டத்துக்குப் போகிறாள், பத்தாவதிலும் ஆடுவாள்.

அப்பா தனியாக வந்து சொன்னார். சந்தோஷத்தில் என் கோபமெல்லாம் போய்விட்டது. நம்மிடம் ஒரு வார்த்தை ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்: "ஊர்ல எல்லாருக்கும் மதுரையில வாங்குனதுன்னுதான் சொல்லிருக்கேன், அந்தப் பேட்டோட ஒறையிலதான் இத வச்சுருக்கா. இது வெல கொறஞ்சதுன்னு யார்ட்டயும் சொல்லிராதிய தங்கச்சி."

பழகுகிற பிள்ளைக்குக் கட்டுப்படுகிற பேட்டைத் தேர்ந்தெடுப்பது பத்து நிமிஷ வேலைதான், அதை வாங்கிக்கொடுக்கிற பெரியவர்களின் கௌரவத்துக்கு அளவான உறைதான் எந்தக் கம்பெனியிலும் கிடைப்பதில்லை.