பக்கத்து ஜன்னலுக்குக் கீழே ஒரு டிரம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாத வெயிலில், திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது இது. நடந்தது என்பதைவிட, நான் நடத்தியது என்று சொல்வதுதான் சரி.

முதலில் என் மூக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்ட், ரூம் ஸ்ப்ரே, ஊதுபத்தி, பினாயில், கொசுவர்த்தி, இதில் ஏதாவது ஒன்று ஒரு மூச்சு உள்ளே போனால் போதும்; அரை மணி நேரத்தில் இடது கண்ணுக்கு மேலே வலி ஆரம்பித்துவிடும். அப்புறம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தி வரும். மறுநாள் வரைக்கும் ஆள் உபயோகமில்லை. பதினைந்து வருஷமாக இப்படித்தான். ஒற்றைத் தலைவலி என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதைவிட்டு விலகி இருங்கள் என்றும் சொன்னார். நான் விலகவில்லை. மற்றவர்களை விலக்கினேன்.

ஆபீசில் எங்கள் செக்‌ஷனில் யாரும் சென்ட் போட்டுக்கொண்டு வரமாட்டார்கள். புதிதாக மாற்றலாகி வருகிறவர்களுக்கு முதல் நாளே மற்றவர்கள் சொல்லி வைத்துவிடுவார்கள். வீட்டில் சாம்பிராணி கிடையாது, ஊதுபத்தி கிடையாது. என் மனைவி வெறும் விளக்கோடு பூஜையை முடித்துக்கொள்வாள். அவளுடைய அக்கா முகம் நிறையப் பவுடரோடு வந்தால் நான் மாடிக்குப் போய்விடுவேன். அப்படிப் போய்ப் போய்த்தான் அங்கே காய்கறி வளர்க்க ஆரம்பித்தேன். காரணம் கேட்டவர்களிடம் விஷமில்லாத காய் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை, கடையில் வாங்கும் பயத்தங்காயைக் கழுவும்போதே எனக்கு மருந்து வாடை அடிக்கும்.

இருபத்தைந்து குரோ பேக்கில் ஆரம்பித்தது அறுபதுக்குப் போயிற்று. வெண்டை, பயத்தங்காய், பாகல், தக்காளி, ஓரத்தில் தடியங்காய். தடியங்காய் என்று நாங்கள் இங்கே சொல்வது வெள்ளைப் பூசணியை. செடி நன்றாகக் காய்க்க ஒரு கரைசல் உண்டு. கடலைப் பிண்ணாக்கு, வேப்பம் பிண்ணாக்கு, பச்சைச் சாணம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஐந்து நாள் ஊறவைக்க வேண்டும். காலையும் மாலையும் கம்பால் கலக்க வேண்டும். பிறகு தெளிவை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீரில் சேர்த்துச் செடிக்கு விட்டால் காய் பிடிக்கிற பிடி தனி.

வாடை வருமா என்றால், வரும். துணி காயப்போட வந்த என் மனைவி முதல் நாளே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆத்துக்குள்ளே ஒரு ஊதுபத்தி ஏத்தப்படாது, இது மட்டும் ஆகுமாக்கும்?" என்று கேட்டாள். இதில் கெமிக்கல் இல்லை, யாரையும் ஒன்றும் செய்யாது என்று விளக்கினேன். என்னை ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் அதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம். எனக்குத் தலை வலிக்காத எதுவும் நாற்றமே இல்லை என்று அத்தனை வருஷத்தில் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன் போலிருக்கிறது. அவள் துணிக்கொடிக்கு வாடை போகக்கூடாதென்று டிரம்மை எதிர்ப்பக்கச் சுவரோரமாகத் தள்ளி வைத்தேன்.

எங்கள் தெரு பழைய அக்ரஹாரத் தெரு. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். இரண்டு மாடிகளுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் மகனோடு பெங்களூர் போனபின் மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். என் டிரம்மிலிருந்து கை எட்டும் தூரம்.

தை மாதம் அங்கே ஒரு கணவனும் மனைவியும் குடிவந்தார்கள். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழர்கள் என்று தெருவில் சொன்னார்கள். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். எதற்காக நகரத்துக்கு வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சத்தம் போடாத ஜனங்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. ஜன்னல் மட்டும் எப்போதும் சாத்தியே இருக்கும். இந்த வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே எப்படி இருக்கிறார்கள் என்று ஒருநாள் தோன்றியது. மலைக்காரர்கள், கடலோர ஈரக்காற்று பிடிக்கவில்லையோ என்னவோ என்று நானே ஒரு பதிலையும் சொல்லிக்கொண்டேன்.

மாசி பிறந்து சில நாளில் அந்த அறையிலிருந்து ரூம் ஸ்ப்ரே வாடை வர ஆரம்பித்தது. ஏதோ பூ வாசனை என்று பெயர் போட்டு விற்பார்களே, அது. சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாகவே வந்து என்னைப் பிடித்தது. மூன்று நாள் படுக்கையில் கிடந்தேன், ஆபீசுக்கு லீவு. நான்காம் நாள் காலை எழுந்து நேராக மாடிக்குப் போய்ச் சுவரோரம் நின்று கூப்பிட்டேன். அந்தப் பெண்மணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இந்த ஸ்ப்ரே எனக்கு ஆகாது, கேட்டேளா. அசுகம் உண்டு. மூணு நாளா ஆபீஸ் போகலை," என்று ஆரம்பித்து, தலைவலியின் முழு வரலாற்றையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமலே கடுமையாகப் பேச எனக்கு நல்ல பழக்கம்.

"தெரியாம அடிச்சிட்டோம் சாரே. இனி அடிக்கல," என்றார். திரும்பிப் போகும்போது, "இப்பக் கொறஞ்சிருக்கா சாரே, தலைவலி?" என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். குறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கம்பை எடுத்து டிரம்மைக் கலக்கினேன். பயத்தங்காய் பூவெடுத்திருந்த சமயம். அந்த வாரம் பிண்ணாக்கைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தேன்.

சொன்னபடி ஸ்ப்ரே நின்றுவிட்டது. நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன், பக்குவமாகச் சொன்னால் யாரும் கேட்பார்கள் என்று.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், பாங்கு வேலையாக அரை நாள் லீவு போட்டுவிட்டு நடந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கரமனைப் பாலத்துக்குப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் திறந்த டிபன் கேரியர். மனைவி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, கணவர் ஸ்பூனால் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அந்த மனிதரை நான் கிட்டத்தில் பார்த்தேன். தலையில் தொப்பி, புருவத்தில் முடியில்லை, சட்டை தோளில் மாட்டியது மாதிரிதான் இருந்தது. பஸ் வந்து நின்று புகையைக் கக்கிவிட்டுப் போனது. அவர் அசையாமல் அடுத்த வாய் குடித்தார்.

பார்த்தும் பார்க்காத மாதிரிப் போக முடியவில்லை. "என்ன இங்கே உட்கார்ந்துண்டு? ஆத்துக் குழாய்ல தண்ணி வரலையா?" என்று கேட்டேன்.

பதில் சொன்னவர் கணவர்தான், சிரித்துக்கொண்டே. "அறைக்குள்ள ஒரு மணம் சாரே. அழுகின மாதிரி. ஊசி போட்டதில இருந்து எனக்கு மூக்கு இப்படி ஆயிப் போச்சு. சோறு வாய்க்கிட்ட வந்தாப் போதும், எல்லாம் வெளிய வந்திரும். இங்க டீசல் புகை, அது சாரமில்ல, ஒண்ணும் செய்யாது."

வயிற்றில் கட்டி, ஆபரேஷன் முடிந்து கீமோ ஏற்றுகிறார்கள் என்று விவரம் சொன்னார். நான்கு தடவை ஏற்றியாகிவிட்டது. ஐந்தாவதற்குப் போன வாரம் போனபோது எடை போட்டுப் பார்த்துவிட்டு, இப்படிக் குறைந்தால் உடம்பு மருந்தைத் தாங்காது, சாப்பிட்டு எடை ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இன்னும் பத்து நாள் தவணை. அப்போதும் குறைந்திருந்தால் சிகிச்சையையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார்களாம். "முன்னால இவ ஏதோ ஸ்ப்ரே அடிச்சுத் தருவா. அந்த மணம் மூடி, ரெண்டு வாய் எறங்கும். இப்ப அதும் இல்ல," என்றார். அதை நிறுத்தியது யாரென்று அவருக்குத் தெரியாது என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

"ஓடையா இருக்கும் சாரே. பின்னால ஓடை அடைச்சுக் கிடக்குல்லா," என்று அந்தப் பெண்மணி அவசரமாகச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் பின்னால் சாக்கடை ஓடை எதுவும் கிடையாது. இருந்தாலும் மொட்டைமாடி அறைக்கு அதன் வாடை எப்படி வரும். நான் என்ன சொல்லிவிட்டு அங்கிருந்து நகர்ந்தேன் என்று இப்போது ஞாபகமில்லை. வீடு வரைக்கும் நடந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டேளா?" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் சொல்லியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்போதே டிரம்மைக் காலி செய்தேன். வாளி வாளியாக மாடிப்படியில் இறக்கி, கொல்லைத் தென்னை மூட்டில் குழி தோண்டி ஊற்றி மண் மூடினேன். பதினான்கு வாளி. பிறகு மாடித் தரையைச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு இரண்டு தடவை தேய்த்தேன். முழங்கால் வலி ஒரு வாரம் இருந்தது.

சாயந்திரம் அவர்கள் திரும்பி வந்ததும் சுவரோரம் நின்று அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்ல சாரே," என்று மட்டும் சொன்னார். அன்று அந்த ஜன்னல் திறந்தது.

மன்னிப்போடு விட்டிருந்தால் அது எனக்குச் சௌகரியம். அந்தக் கணவருக்குக் கஞ்சி இறங்காது. ஒரே அறையில் சமையல், ஒரே அறையில் படுக்கை. சோறு கொதிக்கிற ஆவியே அவருக்கு ஆகவில்லை. இதில் மட்டும் எனக்கு அனுபவம் உண்டு. பதினைந்து வருஷமாக எது வாடை அடிக்கும், எது அடிக்காது என்று பார்த்துப் பார்த்தே சாப்பிட்டவன் நான். சூடாக இருந்தால் எதுவும் மணக்கும், ஆறினால் பாதி மணம் போய்விடும். தாளிப்பு கூடாது, பெருங்காயம் கூடாது. மூடியை அவர் முன்னால் திறக்கக் கூடாது. வெளியே திறந்து ஆவி போனபின்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். பச்சையாக எதையும் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால், மாடியில் காய்த்த தடியங்காயைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, உப்பு மட்டும் போட்டு, குழைத்து ஆறவைப்பது என்று ஏற்பாடு.

அந்தப் பெண்மணி எங்கள் வீட்டில் வந்து சமைக்கட்டுமே என்று என் மனைவிதான் சொன்னாள். அடுக்களைக்குள் இல்லை, பின்பக்கத்து வொர்க் ஏரியாவில், தனி அடுப்பில். அந்த அளவுக்குத்தான் அவளுக்கு மனம் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் இரண்டாம் நாளிலிருந்து பருப்பு வெந்ததா என்று அவளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். முதல் நாள் அந்த மனிதர் மூன்று ஸ்பூன் சாப்பிட்டார். வாந்தியாக வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு கிண்ணம். வெண்டைக்காய் அவருக்கு ஆகவில்லை, தக்காளியும் ஆகவில்லை. தடியங்காயும், குளிர்ந்த இட்லியும், ஆறின பருப்பும்தான். காய்த்த தடியங்காய் அத்தனையும் அந்தப் பத்து நாளில் அங்கேதான் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வந்தது. நான் ஆபீசில் உட்கார்ந்திருந்தேனே தவிர ஒரு பேப்பர் நகரவில்லை. மற்றவர்களின் எடையைப் பற்றி அதற்கு முன்னால் நான் கவலைப்பட்டதே கிடையாது. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்மணி படியேறி வந்தார். "முந்நூறு கிராம் கூடியிருக்கு சாரே. மருந்து ஏத்தியாச்சு. ராத்திரி அங்கதான் கெடக்கணும், துணி எடுக்க வந்தேன்," என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது.

அப்போதுதான் அவரிடம் கேட்டேன். என் டிரம்தான் என்று உங்களுக்கு முதலிலிருந்தே தெரியும். நான் ஸ்ப்ரேயைப் பற்றிச் சண்டைக்கு வந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பேனே, ஏன் சொல்லவில்லை?

அவர் துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "சொல்லணும்னுதான் வந்தேன் சாரே. நீங்க அசுகம்னு சொன்னீங்க, வாந்தி, படுக்கைன்னு எல்லாம் சொன்னீங்க. எங்க வீட்டுலயும் அதுதானே. நீங்களும் சீக்கில கெடக்கிற மனுசன், இந்தச் செடிதான் உங்களுக்கு ஒரு ஆசுவாசம் போலன்னு நெனச்சேன். அதை எப்படி எடுத்துக் களையச் சொல்ல?" என்றார்.

அவர்கள் வைகாசியில் அறையைக் காலி செய்துகொண்டு மலைக்குப் போய்விட்டார்கள். செக்கப்புக்கு வரும்போது எட்டிப் பார்க்கிறார்கள். அவருக்கு முடி முளைத்துவிட்டது. எனக்கு இப்போதும் தலைவலி வருகிறது, காய்கறியும் வளர்க்கிறேன், காய்ப்பு முன்னைவிடக் குறைவுதான். என் வலியை எல்லோருக்கும் உறைக்கும்படி சொல்ல எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கேட்ட ஒரு தடவையிலேயே அதை முழுசாக நம்பி, எனக்காகத் தன் கணவனைப் பஸ் நிறுத்தத்துக்கு நடத்திக் கொண்டுபோய்க் கஞ்சி கொடுத்தவரை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.