கதவும் தெரியவேணும்

யுத்தம் முடிந்த வருசம், தீவுப்பக்கத்து மண்கும்பானில் எங்கள் வீட்டில் இரண்டு கொம்பியூட்டர்களை ஒரு வயரால் இணைத்தார்கள். அந்த வீட்டில் மனம்விட்டுக் கதைத்துக்கொண்டவை அவை இரண்டும்தான்.

எல்லாம் கனடாவில் இருந்த மச்சாளின் ஏற்பாடு. மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. அவர்களின் அம்மாவான மாமிக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் நாக்கும் முன்னைவிடப் பலமாக இருந்தன. "அம்மாவை ஒவ்வொரு நாளும் பாக்கவேணும் தம்பி" என்று மச்சாள் போனில் அழுதார். பிளேன் ஏறி வந்தும் பார்க்கலாம். அந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லை.

போனுக்குச் சிக்னல் பிடிப்பது முன்விறாந்தை யன்னலடியில் மட்டும். மாமியின் அறையோ குசினிக்குப் பின்னால். அதனால் ஒரு கொம்பியூட்டர் யன்னலடியில், போனோடு. மற்றது மாமியின் கட்டிலுக்கு எதிரே, கமராவோடு. இரண்டுக்கும் இடையில் வீட்டை ஊடறுத்து வயர் போகவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொம்பியூட்டர்காரர் ஒருவர் பஸ்ஸில் வந்தார். சுவரில் துளை போட்டவர் அவர். ஏணி பிடித்தது, கிளிப் எடுத்துக் கொடுத்தது, குசினிக் கூரையின் கரியைத் துடைத்து வழி விட்டது எல்லாம் நான். சந்தோசமாகத்தான் செய்தேன்.

ஏனென்றால், மாமி என்னைக் கிள்ளுவார். கழுவித் துடைக்கக் குனியும்போது தலைமயிரைப் பிடித்து இழுப்பார். என் கை முழுக்கக் கண்டல். கணவரிடம் காட்டினால், "வருத்தக்காரி, தெரியாமப் பிடிச்சிருப்பா. நீர்தான் பொறுக்கவேணும்" என்பார். அவருக்கென்ன, காலை பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவார். கமரா வந்தால் எல்லாரும் தங்கள் கண்ணாலேயே காண்பார்கள், பிறகு என்னை நம்பத்தானே வேண்டும் என்று நினைத்தேன். எதையும் நான் அவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்ததில்லை, கலியாணத்தைக்கூட.

கொம்பியூட்டர்காரர் இரண்டையும் தட்டிப் பார்த்து, "ரெண்டும் கதைக்குது" என்றார். பிறகு கமராவைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதை எங்கை பாத்து வைக்க? அம்மான்ர முகத்தைப் பாத்தோ?" என்று கேட்டார்.

கணவர் என் பக்கம் திரும்பவில்லை. "கட்டில் முழுக்க விழவேணும். கதவும் தெரியவேணும். ஆர் வருகினம், என்ன குடுக்கினம் எண்டு அக்கா பாக்கவேணுமாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் தாயைப் பார்க்க வைத்த கமரா இல்லை அது, என்னைப் பார்க்க வைத்தது. ஆனாலும் கமராவை வைக்கக் கதிரையை நானே இழுத்துப் போட்டேன். நல்லாய்ப் பார்க்கட்டும்.

முதல் நாளே மாமி என்னை வென்றுவிட்டார். திரையில் மகளின் முகம் தெரிந்ததும் அவரைப் போல ஒரு சாது உலகத்தில் இல்லை. நான் ஊட்டுகிற கஞ்சிக்கு வாயைத் திறப்பார், விழுங்குவார், பாதியில் கண்ணீர் விடுவார். "என்னம்மா?" என்று மச்சாள் பதறினால், "ஒண்டுமில்லைப் பிள்ளை, நீ சந்தோசமா இரு" என்பார். மச்சாளின் பார்வை என்னிடம் வரும். "அம்மா மெலிஞ்சிட்டா. நேரத்துக்குக் குடுக்கிறீரோ?" திரை இருண்ட கையோடு எனக்குக் கிள்ளு விழும்.

உப்புக்காற்றில் வயரின் முனையில் களிம்பு பிடிக்கும். அதைத் துடைப்பது என் வேலை. கரண்ட் நின்றால் ஜெனரேற்றரை இழுத்து ஸ்ராட் பண்ணுவதும் நான்தான். என்னைக் காவல் காக்கிற கமராவுக்கு நானே பெற்றோல் ஊற்றினேன்.

மச்சாள் அழைத்தால் இங்கே ஒருவரும் தொடாமலே படம் போகும்படி செய்து வைத்திருந்தார்கள். நான் வேண்டுமென்று எடுக்காமல் விட்டுவிடுவேனாம். அந்தச் சந்தேகம்தான் எனக்கு வழி காட்டியது. ஒருநாள் காலை, மச்சாள் திரையில் வருகிற நேரத்துக்கு முன்பே திரையையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டுக் கஞ்சியோடு போனேன். ஆறட்டும் என்று கிண்ணத்தைக் கட்டிலடிக் கதிரையில் வைத்தேன்.

"அவள் இன்னும் வரேல்லையோ?" என்றார் மாமி.

"இல்லை மாமி."

கமராவின் சின்னப் பச்சை லைற் எரியத் தொடங்கியிருந்தது. அதன் அர்த்தம் மாமிக்குத் தெரியாது.

"அப்ப என்னத்துக்கடி மலடி முன்னால நிக்கிறாய்?" கிண்ணத்தை எட்டி எடுத்து என் மேல் வீசினார். அடுப்பால் இறக்கின கஞ்சி கழுத்தில் விழுந்து சட்டைக்குள் வழிந்தது. கமராவுக்குக் கிட்டப் போய், தலைமயிரை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினேன். பிறகு திரையையும் ஸ்பீக்கரையும் போட்டேன்.

மச்சாள் வாயில் கையை வைத்தபடி இருந்தார். மாமியின் முகம் செத்துப்போயிற்று. கழுத்து எரிய எரிய எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை.

"பாத்தனீங்களோ மச்சாள்?"

"பாத்தனான்." படம் கொஞ்சம் நின்று, திரும்ப அசைந்தது. "அம்மான்ர கையில சுட்டிட்டுதோ? கிட்டக் கொண்டுவந்து காட்டும்."

நான் மாமியின் கையைத் துடைத்து, தூக்கிப் பிடித்துக் காட்டினேன். விரலில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

அன்று பின்னேரம் அக்காவும் தம்பியும் கனநேரம் கதைத்தார்கள். நான் குசினியில் கழுத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, கணவர் வந்து பார்ப்பார் என்று இருந்தேன். அவர் குசினியைக் கடந்து மாமியின் அறைக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். கமராவைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பினார். திரையின் மூலையில் தெரிந்த சின்னப் படத்தில் கதவு போய்விட்டது. நான் நின்று கஞ்சி கொடுக்கிற இடமும் போய்விட்டது. கட்டிலும் தலையணையும் மாமியின் முகமும் மட்டும் மிஞ்சின.

அவர்கள் நம்பவில்லை என்றுதான் அத்தனை நாளும் நொந்துகொண்டிருந்தேன். நம்பிய பிறகுதான் திருப்பினார்கள்.

"ஓம் தம்பி, இவ்வளவும் காணும், அப்பிடியே விடு" என்றார் மச்சாள். "இப்பதான் அம்மா வடிவாத் தெரியிறா."