ஈரத்தில் தெரிந்த நூல்

ஆற்றுப் பாலத்திலிருந்து கடைத்தெருவுக்கு ஏறும் சரிவில், மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் அந்த சலூன் இருக்கிறது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பின்பக்கத் திரையை விலக்கினால் வீடு. சலூன்காரரைப் பற்றி எழுத எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. எங்கள் மீன்பிடி சங்கத்தில் பிடிபடும் ஒவ்வொரு டிரவுட் மீனையும் எடைபோட்டுப் பதிகிறவன் நான். மாதம் ஒருமுறை அவரிடம் தலையைக் கொடுக்கிறவனும் நான்தான். கண்ணால் கண்டதையும் அவர் சொல்லிக் கேட்டதையும் பிரித்தே சொல்கிறேன்.

ஒல்லியான மனிதர். அதிகம் பேசமாட்டார். ஆனால் எதையும் மறக்கமாட்டார். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருவர் அவருடைய செருப்பை ஒளித்து வைத்தாராம். அந்த ஆள் வளர்ந்து, வழுக்கை விழுந்து, பேரன் எடுத்த பிறகு ஒருநாள் முகச்சவரத்துக்கு வந்தார். நம்மவர் குறையில்லாமல் சவரம் செய்துவிட்டு, அவர் எழுந்தபோது செருப்பில் ஒன்றைக் காலால் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டாராம். "தேடட்டும் சார். நான் அன்னிக்கு எவ்வளவு நேரம் தேடினேன் தெரியுமா?" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

வாடிக்கையாளர் வராத பிற்பகல்களில் அவர் ஈ கட்டுவார். டிரவுட் மீனுக்குப் புழுவைவிடத் தண்ணீர்மேல் வந்து விழும் ஈயும் பூச்சியும்தான் உயிர். அதனால் தூண்டில் முள்ளின்மேல் நூலும் ரோமமும் சுற்றி, சேவலின் கழுத்து இறகைச் செருகி, பூச்சி போலவே ஒன்றைச் செய்து வீசுவோம். அதைத்தான் நாங்கள் ஈ கட்டுவது என்போம். முள்ளைக் கவ்விப் பிடிக்கக் கண்ணாடிக்குக் கீழே பலகையில் ஒரு குட்டி வைஸ் பொருத்தியிருந்தார். முடி வெட்டும் கத்தரிதான் இறகுக்கும். சீப்பில் சிக்கிய முடியை எடுப்பது போல முயல் ரோமத்தைப் பிரித்து, மெழுகு தடவிய நூலில் உருட்டிக் கட்டுவார். அவர் கட்டிய ஈக்களில் ஒன்றுக்கு 'தூசி' என்று பெயர் வைத்தார். சாம்பல் நிறம். மேசையில் கிடந்தால் துடைத்து எறிந்துவிடுவீர்கள், அவ்வளவு சாதாரணமாக இருக்கும்.

அதன் சூட்சுமம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அதை அவருக்குக் கற்றுக் கொடுத்தது அவருடைய தொழில்தான். தலையில் தண்ணீர் தெளித்ததும் முடி படிந்து, அடியிலுள்ள மண்டைத்தோல் தெரியும். வெட்டுகிறவனுக்குத்தான் அது தெரியும். உலர்ந்த தலையைப் பார்த்து அடர்த்தி என்று நம்பி வாழ்கிறவர்கள் ஏராளம். முயல் ரோமமும் அப்படித்தானே என்று அவருக்குத் தோன்றியது. ரோமத்தைக் கட்டுவதற்குமுன் முள்ளின்மேல் அடிநூல் ஒன்று சுற்றவேண்டும். கையில் கிடைத்த நூலைத்தான் எல்லாரும் சுற்றுவார்கள், எப்படியும் மூடிவிடப் போகிறோம் என்று. அவர் மனைவியின் தையல்பெட்டியிலிருந்து வெளிர் மஞ்சள் பட்டுநூலை எடுத்துச் சுற்றினார். உலர்ந்திருக்கும்போது ஈ வெறும் சாம்பல். நனைந்ததும் ரோமத்தின் ஊடாக மஞ்சள் கசிந்து, வயிற்றில் விளக்கேற்றிய மாதிரி ஆகிவிடும். எங்கள் ஆற்றில் அந்தப் பருவத்தில் பறக்கும் பூச்சியின் வயிறும் அதே நிறம்.

இனி மைத்துனர். சலூன்காரரின் மனைவிக்குத் தம்பி. பாலத்தடியில் தூண்டில் கடை வைத்திருப்பவர். பேச்சில் சர்க்கரை; உயரம், மீசை, எடுப்பான தோற்றம். "மாமா, நீங்க கட்டுறதைச் சும்மா டப்பாவுல போட்டு வச்சு என்ன பண்றீங்க? குடுங்க, நம்ம கடையில வைக்கிறேன்" என்று கேட்டார். குடும்பத்துப் பிள்ளையாயிற்றே என்று இவரும் கட்டிக் கொடுத்தார். தூசியில் மீன்கள் வரிசையாக விழ ஆரம்பித்தன. அதற்கு முந்தைய பருவங்களில் அப்படி எந்த ஈயிலும் விழவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். சங்கத்தலைவர் கடைக்குப் போய், "யாருய்யா கட்டினது?" என்று கேட்டார். "அடியேன்தான்" என்றார் மைத்துனர்.

சங்கத்துக் கூடத்தில் ஒரு மரப்பலகை உண்டு. இந்த ஆற்றுக்கென்று புது ஈ உண்டாக்கியவர்களின் பெயரை அதில் எழுதுவோம். தூசிக்கு நேராக மைத்துனர் பெயர் ஏறியது.

சலூன்காரருக்கு விஷயம் தெரிந்தது நாற்காலி வழியாக. கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஒருவர், "உன் மச்சான் கைக்கு என்ன நயம்யா, பலகையில பேரே போட்டாச்சு" என்றாராம். "கத்தி நிக்கவே இல்ல சார். ஒரே இழுப்பு. அவர் கன்னத்துல ஒரு கீறல் கிடையாது" என்று சொன்னார் நம்மவர்.

அன்றே கடையைச் சாத்திவிட்டு மைத்துனரிடம் போனார். மைத்துனர் பதறவே இல்லையாம்.

"சும்மா ஒரு பேருதானே மாமா. இதுல என்ன இருக்கு? சலூன்காரர் கட்டின ஈன்னு சொன்னா அந்தப் பெரிய மனுஷங்க தொடுவாங்களா? நீங்களே சொல்லுங்க."

"சரிதான் மாப்ளே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி கொதித்துப்போனார். நான் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்த ஒருநாள் திரைக்குப் பின்னாலிருந்து என் காதிலேயே விழுந்தது. "இன்னும் எதுக்கு அவனுக்குக் கட்டிக் குடுக்கிறீங்க? உங்களுக்கு ரோஷமே இல்லையா?"

"இருக்குடி. கட்டித்தான் குடுக்கணும்."

எனக்கும் புரியவில்லை. அவரிடமே கேட்டேன். சீப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏறட்டும் சார். ஏணியை நான்தானே பிடிச்சுக்கிட்டிருக்கேன். பாதியில விட்டா கால்ல அடிபடும், அவ்வளவுதான். உச்சிக்குப் போகட்டும்." கொஞ்சம் பொறுத்து, "என் பேரு வரணும்னு எனக்கு இல்ல. அவன் பேரு போகணும். அதுவும் நான் அழிக்கக்கூடாது. அவன் வாயாலயே அழியணும்" என்றார்.

இப்படியே பல பருவங்கள் போயின. தூசி ஆண்டுக்காண்டு மெருகேறியது. வேண்டுமென்றேதான் மெருகேற்றினார். மைத்துனருக்கு சங்கத்தில் முன்வரிசை நாற்காலி, துணைத்தலைவர் பதவி, கோட்டு. இடையில் நம்மவர் சும்மாவும் இருக்கவில்லை. மைத்துனர் மாதாமாதம் முடி வெட்ட இங்கேதான் வருவார். ஒவ்வொரு முறையும் இடது கிருதா வலதைவிட ஒரு நூல் தூக்கலாக இருக்கும்படி வெட்டிவிடுவார். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. ஆனால் ஆண்டு விழாப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் மைத்துனர் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பது போலவே இருக்கிறார். நான் அளவுகோல் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூட நேராக இல்லை.

பிறகு சங்கத்துக்குப் புதுக்கட்டடம் வந்தது. திறப்பு நாளன்று வெளியூர் சங்கங்களிலிருந்து விருந்தினர்கள் வருவதாக இருந்தது. தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பலகையில் பெயர் உள்ளவர்களில் உயிரோடு இருப்பவர்கள், விருந்தினர் முன்னால் உட்கார்ந்து தங்கள் ஈயைத் தாங்களே கட்டி, அதையே பாலத்தடி மடுவில் வீசிக் காட்டவேண்டும். கட்டி வைத்த பழைய ஈ கூடாது. உயிரோடு இருந்தவர் மூன்று பேர். மூன்றாமவர் மைத்துனர். அவர் பிறந்ததிலிருந்து ஒரு ஈயும் கட்டியதில்லை.

அறிவிப்பு வந்த மறுநாள் பிற்பகல் நான் சலூன் பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தேன். மைத்துனர் வேகமாக வந்து கதவைச் சாத்தினார். செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த என்னை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. எடைபோடுகிறவனைத் தராசோடு சேர்த்துப் பார்க்கிற பழக்கம் சங்கத்தில் பலருக்கு உண்டு.

"மாமா, மானம் போயிடும் போல இருக்கு. எனக்குக் கட்டச் சொல்லிக் குடுங்க."

"நீதானேப்பா அதைக் கண்டுபிடிச்சவன்?"

"குத்திக் காட்டாதீங்க மாமா. வெளியாள் யார்கிட்ட போய் நான் கேக்க முடியும்?"

நம்மவர் நாற்காலியிலிருந்த துணியை உதறினார். "உட்காரு மாப்ளே" என்றார்.

அப்புறம் நடந்த பாடத்தை என்னவென்று சொல்வேன்! அவ்வளவு பொறுமையான வாத்தியாரை நான் கண்டதில்லை. வைஸில் முள்ளைப் பூட்டினார். "இழுத்துச் சுத்து, ஆனா அறுக்காதே." "மூச்சை விடாதே, இறகு பறந்துடும்." "விரலா இது, வெண்டைக்காயா? மெதுவா." மைத்துனர் கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டவைத்தார். எல்லாம் சுத்தமாகச் சொல்லிக் கொடுத்தார், அடிநூல் ஒன்றைத் தவிர. மைத்துனர் கையில் அவர் கொடுத்தது கரும்பழுப்பு நூல்.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு அவர் மனைவி தேநீரோடு வந்தார். தம்பியின் விரலிலிருந்த நூல்கண்டைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"இந்த நூலா?" என்றார்.

"இந்த நூல்தான்."

அந்த அம்மாள் தம்பியின் பக்கம் குனிந்தார். "இதுன்னா இதுதான். நல்லாக் கத்துக்கடா தம்பி" என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார்.

திறப்பு நாளன்று வானம் மூடியிருந்தது, காற்று இல்லை, தண்ணீர் தெளிவு. ஈ வீசுவதற்கு அதைவிட நல்ல நாள் அந்தப் பருவத்தில் அமையவில்லை. முதல் இருவரும் தங்கள் ஈயைக் கட்டி ஆளுக்கொரு மீன் பிடித்தார்கள். மைத்துனர் மேசைக்கு வந்தார். கை நடுங்காமல் கட்டினார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். விருந்தினர் ஒருவர் பூதக்கண்ணாடியால் பார்த்து, "பிறவிக் கை" என்றார். மைத்துனர் தலையைச் சாய்த்து வணங்கினார். வணங்காமலேயே சாய்ந்துதான் இருந்தது.

மடுவில் மீன்கள் மேலே வந்து பூச்சி தின்றுகொண்டிருந்தன. முதல் வீச்சுக்கு ஒரு நல்ல மீன் எழுந்து வந்தது. ஈயின் அருகே மூக்கைக் கொண்டுபோய் நின்றது. திரும்பிப் போய்விட்டது. இரண்டாவது வீச்சுக்கும் அப்படியே. அப்புறம் எழுந்துவரும் சிரமத்தைக்கூட மீன்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நனைந்த ஈ கரித்துண்டாக இருந்திருக்கும். கரையில் இருமல் சத்தம் கேட்டது. "மீனுக்குப் பேரைச் சொன்னீங்களா, துணைத்தலைவர்னு?" என்றார் ஒரு வெளியூர்க்காரர். தலைவர் சிரிக்கவில்லை.

பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து சலூன்காரர் இறங்கி வந்தார். சட்டைப்பையில் சீப்பு இருந்தது. பின்னால் அவர் மனைவி.

"ஐயா, நான் ஒண்ணு கட்டிப் பார்க்கட்டுமா?" என்று தலைவரைக் கேட்டார்.

"நீயா? சரி, கட்டு. இதுக்குமேல என்ன ஆகிடப்போகுது?"

அவர் மனைவி கைப்பையிலிருந்து மஞ்சள் பட்டுநூலை எடுத்து நீட்டினார். நம்மவர் உட்கார்ந்து கட்டி முடிக்க, முடி வெட்டுவதற்கு முன் கழுத்தில் துணி போர்த்தும் நேரம்தான் ஆயிற்று. மைத்துனரின் ஈயைத் துடைத்து உலர்த்திப் பக்கத்தில் வைத்தோம். இரட்டைப்பிள்ளைகள் போல இருந்தன. நம்மவர் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை நகர்த்தி இரண்டையும் உள்ளே போட்டார். ஒன்று கறுத்தது. மற்றொன்று விளக்கேற்றியது.

பிறகு தன் ஈயை எடுத்துக்கொண்டு மடுவில் இறங்கினார். முதல் வீச்சிலேயே மீன் விழுந்தது. பிறகு அதை எடைபோட்டவன் நான். ஒன்றே கால் கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. அன்றைய மீன்களில் அதுதான் பெரியது.

எல்லார் கண்ணும் மைத்துனர் பக்கம் திரும்பியது. அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"மாமா, நீங்கதானே அந்த நூலைச் சுத்தச் சொல்லிக் குடுத்தீங்க!"

நம்மவர் மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றுவதில் கவனமாக இருந்தார். கேட்டது தலைவர்தான்.

"சொல்லிக் குடுத்தாரா? உங்க ஈயை உங்களுக்கு அவர் எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்?"

மைத்துனர் வாய் திறந்தது, மூடியது. கரையில் கிடந்த மீனும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. கடைசியில் அவர் தன் அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"நூல்பெட்டி என்னுதுதானேடா" என்றார் அந்த அம்மாள்.

அடுத்த வாரம் செயற்குழு கூடி மைத்துனர் பெயரை நீக்கத் தீர்மானித்தது. அந்த இடத்தில் சலூன்காரர் பெயரை எழுதுவது என்றும் முடிவாயிற்று. அதைச் சொல்ல நானே போனேன். அவர் யாருக்கோ பிடரியில் கத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"என் பேரு வேண்டாம் சார்."

"உங்க ஈதானே?"

"ஈ என்னுதுதான். பலகை அவனுது. எழுத்தைச் சுரண்டுங்க, ஆனா மேல பெயிண்ட் அடிக்காதீங்க. அந்த இடம் அப்படியே காலியா இருக்கட்டும். புதுசா வர்றவன் ஒவ்வொருத்தனும் 'இங்க யார் பேரு இருந்துச்சு, ஏன் எடுத்தீங்க'ன்னு கேக்கணும். நீங்க சொல்லணும். என் பேரை எழுதிட்டா எவன் கேப்பான்?"

அப்படியே விட்டிருக்கிறோம். ஒருவர் தவறாமல் கேட்கிறார்கள். நானும் ஒன்றும் விடாமல் சொல்கிறேன்.

மைத்துனர் இப்போது அந்த சலூனுக்கு வருவதில்லை. சென்ற மாதம் அவரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். பழக்கதோஷத்தில் கிருதாக்களைக் கவனித்தேன். இரண்டும் ஒரே அளவில், தலை நேராக, ஆள் இன்னும் எடுப்பாக இருந்தார். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தபோது இதைச் சலூன்காரரிடம் சொன்னேன்.

கத்தரி சத்தம் நின்றது. அந்தக் கடையில் அது நின்று நான் கேட்டதே இல்லை.

"ரெண்டும் ஒரே அளவா?"

"ஒரே அளவு."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். மறுபடி கத்தரி ஓட ஆரம்பித்து, என் வலது காதைத் தாண்டிய பிறகுதான் கேட்டார்.

"எந்தக் கடையில சார் வெட்டுறான்?"