பொன்னட்டைப் புத்தகத்தில் எங்கள் வீடு

உறைந்த தரையில் எவரும் வழுக்கி விழாதிருக்கத் தேவாலய முற்றமெங்கும் பரப்பியிருந்த வைக்கோலின் மணம், காலடி பட்டுப்பட்டு ஈரமேறி, எங்கள் கம்பளிக் காலுறைகள் வரை வந்து ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் எங்கள் குடியிருப்புக்கு அடுத்த தெருவில், டிசம்பர் முதல் வாரத்தில் ஒரே ஒரு பிற்பகல் மட்டும் கூடும் சிறிய "நத்தார்ச் சந்தை" என்னும் கிறிஸ்துமஸ் சந்தை அது. எனக்கு அப்போது ஆறு வயது. தம்பி தள்ளுவண்டியில் மூன்று போர்வைகளுக்குள் கிடந்தான். குழந்தைகளுக்குச் சூடான பழச்சாற்றை விலையின்றிக் கொடுத்தார்கள். அப்பா என் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"சும்மா ஏன் தருகினம்? பிறகு பேர், விலாசம் கேப்பினம்."

அவருடைய ஐயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை. அதுவரை வேலை செய்ய அவருக்கு அனுமதியும் இல்லை. ஆயினும் மாலைதோறும் ஓர் உணவகத்தின் சமையலறையில் சட்டி கழுவினார். அது வெளியே தெரிந்தால் "அன்ட்ராக்", அதாவது அந்த விண்ணப்பம், கெட்டுப்போய் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சினார். ஆகவே அவர் கண்ணில் படாமல் எந்தக் "கடுதாசி"யும் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஆயருக்குரிய உயர்ந்த முடியும் கோலும் வெண்தாடியுமாகப் புனித நிக்கொலாஸ் வேடமிட்டவர் முற்றத்துக்கு வந்தார். பொன்னிற அட்டையிட்ட பெரிய புத்தகத்தைத் திறந்து, குழந்தைகளை ஒவ்வொருவராகப் பெயர்சொல்லி அழைத்து, அவர்கள் அவ்வாண்டில் செய்த நன்மை தீமைகளை வாசித்தார். என் பெயரும் வந்தது. அச்சமும் பெருமையுமாகப் போய் நின்றுவிட்டு ஓடிவந்தேன்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அப்பா.

"நான் கெட்டிக்காரியாம். அப்பா பின்னேரத்திலை வேலைக்குப் போகேக்கை தம்பியைப் பாக்கிறனாம். சாப்பிடேக்கை பாண் ஓரத்தை மட்டும் எறியிறனாம்."

அப்பாவின் முகம் வெளுத்தது. "ஆர் சொன்னது உவருக்கு?" என்று கேட்டவர், விடைக்குக் காத்திராமல் தள்ளுவண்டியைத் திருப்பினார்.

அன்று மாலை அவர் வேலைக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். திரைச்சீலையின் ஓரமாக நின்று தபால்காரரைப் பார்ப்பதே அவர் பொழுதாயிற்று. மேல்மாடியில் தனியே வாழ்ந்த, எனக்கு டொச் மொழியில் எண்ணக் கற்றுத்தந்த அம்மையாரை நாங்கள் "மேல்வீட்டு மனுசி" என்போம். குற்றம் அவர் தலையில் விழுந்தது.

"படியிலை நிண்டு நான் போற நேரம் பாக்கிறவ. அவதான். இனி ஒருத்தரும் கதைக்கப்படாது."

"ஆரெண்டு ஆருக்குத் தெரியும்" என்றார் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

நத்தாருக்கு முதல்நாள் அம்மையார் சிவப்பு நாடா கட்டிய பலகாரத் தட்டொன்றை எங்கள் வாசலில் வைத்தார். அப்பா அதை அவிழ்க்காமலே அவர் வாசலில் கொண்டுபோய் வைத்தார். எவரும் எங்களைத் தேடி வரவில்லை. அடுத்த கோடையில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் அப்பாவின் கட்டளை மாறவில்லை. படியில் அம்மையாரைக் கண்டால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

இன்று என் மகளுக்கு ஆறு வயது. சென்ற வாரம் அவள் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது: நிக்கொலாஸ் வாசிப்பதற்காகப் பிள்ளையைப் பற்றிச் சில வரிகளைப் பெற்றோர் எழுதித் தர வேண்டுமாம். அம்மாவோடு வீட்டுக்கு வந்திருந்த அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"உதை எழுதிறது தாய்தேப்பனோ?" என்றார் அப்பா. "அண்டைக்கு நான் எழுதேல்லையே."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அண்டைக்கு வந்த கடுதாசியை எனக்கு வாசிக்கத் தெரியாது. மேலை கொண்டுபோனனான். அந்த மனுசி கேட்டுக் கேட்டு எழுதினவ. பிள்ளையைப் பற்றி நல்லாச் சொல்லவேணுமெண்டு நான்தான் எல்லாம் சொன்னனான்."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"அண்டைக்கு நீங்கள் நிண்ட நிலையிலை சொல்ல ஏலுமே?"

போய் வருத்தம் சொல்வதற்கு இன்று அம்மையார் இல்லை. அந்தப் படிகளும் இல்லை. கட்டடத்தை இடித்து வாகனத் தரிப்பிடமாக்கிவிட்டார்கள். நான் பேனாவை எடுத்து மகளின் பெயரை எழுதினேன். குடியுரிமை பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேலான அப்பா, என் தோளுக்கு மேலாகக் குனிந்து, தாளில் விரலை வைத்தார்.

"எழுது பிள்ளை. ஆனால் நீ வேலைக்குப் போறதைப் பற்றி ஒண்டும் எழுதிப்போடாதை."