இரண்டு தடவை அதிர்ந்தது

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நான் மேஸ்திரி. ஒரு மத்தியானம், சுடாத கோப்பைகள் காய்ந்துகொண்டிருந்த பலகை சரிந்து அத்தனையும் நொறுங்கின. நடந்துகொண்டிருந்த எனக்கு எந்த அதிர்வும் தெரியவில்லை. பலகையருகே உட்கார்ந்து கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்த அம்மாள்தான் இடித்துவிட்டார் என்று கத்தினேன்.

“நான் தொடவே இல்லீங்க. மொதல்ல லேசா தட்டுனாப்புல இருந்துச்சி. கொஞ்சங் கழிச்சிதான் பக்கவாட்டுல ஆட்டுச்சி” என்றார்.

எது அதிர்ந்தாலும் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்து வெடி என்பதே எங்கள் ஊர் வழக்கம். “வெடின்னா ஒரு தடவதான் அதிரும். ரெண்டு தடவ அதிருமா? ஒனக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியல” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் முதல் அவரைக் கைப்பிடி வேலையிலிருந்து எடுத்து, மண் மிதிக்கும் கடின வேலைக்கு அனுப்பினேன்.

சில வருஷம் கழித்து என் மகள் அறிவியல் பாடம் ஒப்பித்தாள். நிலநடுக்கத்தில் பூமிக்குள்ளிருந்து இரண்டு அலைகள் கிளம்புமாம். வேகமான அலை முதலில் வந்து லேசாகத் தட்டும். மெதுவான அலை பின்னால் வந்து பக்கவாட்டில் ஆட்டும்.

அந்த அம்மாள் சொன்னதும் இதேதான். நான் பொய் என்று பிடித்த இடத்தில்தான் உண்மை இருந்திருக்கிறது.

“சரியாப்பா?” என்றாள் மகள்.

“சரிதாம்மா” என்றேன்.

மறுநாள் பட்டறையில் அந்த அம்மாள் மண் மிதித்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்து போனேன். மகளிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவரிடம் மட்டும் என் வாயில் வரவில்லை.